அங்கன்வாடிச் சுவர்

"இந்தச் சுவரை இடிச்சுப் போடுங்க!"

ராகேல் போட்ட சத்தத்தில் காலனியே திரும்பிப் பார்த்தது. நேற்றுத்தான் எழுப்பிய சுவர். எழுப்பியவன் யோசுவா கொத்தனார். அவளுடைய புருஷன்.

பக்கத்தில் நின்ற பகவதிப்பெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திட்டம் என்றால் முன்பெல்லாம் டெல்லியில் போடுவார்கள். செக்ரட்டேரியட் வழியாக கான்டிராக்டர் கைக்குப் போகும். வலியசாலைக்குப் பின்னால் இருக்கும் தமிழ்க் காலனிக்கு வந்து சேரும்போது வெறும் திறப்புவிழாக் கல்வெட்டுதான் மிஞ்சியிருக்கும்.

தொண்ணூற்றேழில் மலையாள சர்க்காரே சொல்லிவிட்டது: 'உங்களுக்கு வேண்டியதை நீங்களே திட்டம் போடுங்கள், நீங்களே கட்டுங்கள்.'

வார்டு கூட்டத்தில் காலனிக்காரர்கள் கை தூக்கிக் கேட்டது ஓர் அங்கன்வாடி. கான்டிராக்டர் கிடையாது. காலனிக்காரர்களே கமிட்டி போட்டுக் கட்டினார்கள்; அதற்கு ராகேல் கன்வீனர். கிழக்கேகோட்டையில் சாயாக்கடை வைத்திருக்கும் பகவதிப்பெருமாள் ஒரு மெம்பர்.

ராகேல் வீட்டுச் சாவியால் சுவரைச் சுரண்டினாள். பொலபொலவென்று மணல் கொட்டியது.

"என்ன கொத்தனாரே, சிமெண்டு எங்க? மழை பெஞ்சா பிள்ளைங்க தலையில விழட்டும்னா கட்டினீரு?"

யோசுவா தலை குனிந்தான். "தப்பு என்மேலதான்."

"நீரே இடிச்சு நீரே திரும்பக் கட்டணும். கூலி கிடையாது. சம்மதமா?"

"சம்மதம்."

கலவை போடும் சித்தாள் பூமாரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "போயி ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாம்மா" என்று யோசுவா அவளை அனுப்பிவிட்டான்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"புருஷன்னுகூடப் பாக்கலியே!"

"கன்வீனர் ஆனதும் தலைக்கேறிப் போச்சு, கேட்டியா?"

பகவதிப்பெருமாளுக்கு மனசு ஆறவில்லை. மத்தியானம் சாயாவோடு வந்தார். யோசுவா தனியாக, இடித்த சுவரின் செங்கல்லைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏல யோசுவா, அடுத்த கமிட்டியில ராகேலை மாத்தணும்னு நானே சொல்லப்போறேன். கட்டின புருஷனை இப்படியா நாலு பேரு முன்னால நிறுத்தி ஏசுறது?"

"வேண்டாம் அண்ணாச்சி. கலவையில கொறை வெச்சது பூமாரி."

"அந்தப் பிள்ளையா?"

"சங்கரன்கோயில்ல இருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகுது. 'சர்க்கார் சிமெண்டு, வீணாக்கிரப்படாது'ன்னு பயந்து பயந்து கம்மியாப் போட்டிருக்கா. நானும் பாக்காம வெச்சுக் கட்டிட்டேன். அவ பேரு வெளிய வந்தா இந்த ஊர்ல யாரு அவளை வேலைக்குக் கூப்பிடுவா? எனக்குன்னா ஒரு நாள் ஏச்சோட போச்சு."

பகவதிப்பெருமாள் சாயாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சரி, நீ தாங்கிக்கிட்ட. ஒம் பொண்டாட்டிக்கு எங்க போச்சு ஈரம்? வீட்ல வெச்சுச் சொல்லியிருக்கலாம்லா?"

யோசுவா சிரித்துவிட்டான்.

"சுவர் சரியில்லன்னு காலைல அவகிட்டச் சொன்னதே நான்தான். எல்லாரு முன்னாலயும் வெச்சு ஏசுன்னு சொன்னதும் நான்தான். மாட்டேன்னு ஒரே அழுகை. சம்மதிக்க வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு."

"ஒனக்கு என்ன கிறுக்கா?"

யோசுவா எழுந்து, இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினான்.

"இத்தனை வருஷம் சர்க்கார் கட்டினது இடிஞ்சா சர்க்காரை ஏசினோம். இப்ப நாமதான அண்ணாச்சி சர்க்கார்? ஏச்சு வாங்கவும் நம்மள்ல ஒருத்தன் வேணும்லா!"