மீதி மூன்று சதவீதம்

“மகாஜனங்களே, நிம்மதியாக இருங்கள்! சாயங்காலம் வரை சூரியன் தலைகாட்டாது. தொண்ணூற்றேழு சதவீத நிகழ்தகவு!”

மடிக்கணினியைக் கைக்குழந்தை போல ஏந்தியபடி டாக்டர் கோதண்டபாணி அறிவித்தார். வைத்தியர் அல்லர், சோலார் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று கணித்துச் சொல்ல, ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்குச் சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்ட மேதை.

“மீதி மூணு?” என்றார் மேஸ்திரி கவுஸ் பாஷா.

“அதெல்லாம் ஒரு சம்பிரதாயம்.”

பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. நேற்றுப் போட்ட தோல், அதைச் சுற்றிச் சுற்றிப் பதப்படுத்தும் ஆள் உயர மர டிரம்முக்குள்ளேயே கிடந்தால் கறை பிடித்துவிடும். கவுஸ் பாஷா சொல்லித்தான் தொழிலாளி அந்தோணி உள்ளே இறங்கி, ஒவ்வொன்றாக உருவிப் போட்டுக்கொண்டிருந்தான். வெயில் அடித்தால், நேற்றுத் திறந்து வைத்த சோலார் டிரம்மைத் தானாகச் சுற்றவிடும். சோதனை ஓட்டமாம். அதற்காக ஸ்விட்சைப் போட்டே வைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியோடு முதலாளி வேலூர் போய்விட்டார்.

“சீக்கிரம் வாடா! எனக்கு பேஜாரா இருக்குது.”

“இன்னா பாய், சார்தான் தொண்ணூத்தேழுன்றாரே! எம் பொண்ணு ஜாஸ்மின் கணக்குல வாங்குனதவிட ஜாஸ்தி.”

கூரை ஓட்டை வழியாகக் காசு அளவு வெளிச்சம் தரையில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தட்டு அளவானது.

“அந்தோணி, வெயிலு! வெளிய வா!”

“கால் மாட்டிக்கிச்சு பாய். இழுக்க இழுக்க ஈரத்தோலு அமுக்குது.” குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

கவுஸ் பாஷா ஸ்விட்ச் பெட்டியின் பூட்டைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

“சார், எதுனா பண்ணுங்க சார்!”

“கணிக்கிறது மட்டும்தான் என் வேலை” என்றார் டாக்டர், வாசல் பக்கம் நகர்ந்தபடி.

வெயில் கொட்டியது. ‘யா அல்லா, நான்தானே இறங்கச் சொன்னேன்!’ ஓடும் லாரியைக் கையால் நிறுத்துகிற காரியம் என்று தெரிந்தும் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார் கவுஸ் பாஷா.

டிரம் சுற்றவில்லை.

கடைசியில் அந்தோணி தவழ்ந்து வந்து அவர் காலடியில் விழுந்தான். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

டாக்டருக்கு வந்தது. “இத்தனை வெயிலில் மின்சாரம் வராத நிகழ்தகவு லட்சத்தில் ஒன்று! இது சரித்திரம்!” உணர்ச்சிவசப்பட்டு, சோலார் போட்ட கம்பெனிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

“ஒயர் இன்னும் இழுக்கல சார்” என்றது போன். “நேத்து ரிப்பன் மட்டும்தான் வெட்டுனோம்.”