எதிர்க்கரையோடு பேச்சு இல்லை

“ஆளு சேர்த்துக்கினு ரெண்டு பேரை உதைச்சே கொன்னான்!” என்று கோயில் வாசலில் கூவினான் பூபதி. கைகட்டி நின்ற அஜித்குமார் மறுக்கவில்லை.

செத்தவன் எவனும் இல்லை. எல்லாம் செல்போன் விளையாட்டில் போடும் சண்டை. ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு என்று முன்னமே பேசி வைத்து, ஹெட்போனில் பேசிக்கொண்டே ஒருத்தனை ஒருத்தன் உதைப்பார்களாம். உடம்பில் வியர்வை வராத வீரம்.

“கொன்னது தப்பில்ல,” என்றார் ஊர்த் தலைவர் தேசப்பன், வீங்கிய கட்டைவிரலைத் தடவிக்கொண்டு. வலை இழுத்ததில் வீங்கியதாம். அவர் ஏரியில் இறங்கிப் பத்து வருடம் ஆகிறது. “எதிர்க்கரைக்காரனோட பேசினானா? அதைச் சொல்லு.”

எல்லைத் தகராறு வந்ததிலிருந்து அந்த ஊரோடு பேச்சு இல்லை. மீறிப் பேசினால், ஏரியில் வலை போடும் முறை ஒரு மாதம் போய்விடும்.

“பேசினானாவா? ‘நீ குதி மச்சான், நான் உதைக்கிறேன்’னு அந்தக் கரை சின்னதம்பி சொல்றான். என் காதால கேட்டேன் தலைவரே!”

“மச்சானா? பொண்ணு குடுத்தானா, எடுத்தானா?” தேசப்பன் எகிறினார். “டேய் அஜித்து, ஒரு மாசம் உனக்கு முறை கிடையாது. போ.”

அஜித்குமாரின் மனைவி அம்பிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “அந்த ஒரு மாசமும் புள்ளைங்களுக்கு இன்னாத்த ஆக்கிப் போடறது, செல்போனையா? இரு பூபதிண்ணே. இவரு ஹெட்போன் மாட்டிக்கினுதான் ஆடினாரு. பக்கத்துல குந்தி மீன் ஆய்ஞ்ச எனக்கே சின்னதம்பி பேசினது கேக்கல. உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?”

பூபதி கைலியை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அஜித்குமார் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். “மைக்கே போடாம ரெண்டு ஊமைங்க எங்களோட ஆடுதுங்க. யாருன்னே தெரியல. அதுல ஒண்ணு நீதானா?”

“நான்... ஊருக்காக உளவு பார்க்கத்தான்...”

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தேசப்பன் துண்டை உதறி எழுந்து, பூபதியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“அப்போ ஞாயித்துக்கெழம மூணு மணி ஆட்டத்துல என்னைப் பின்னால வந்து உதைச்சவன் நீதானாடா?”