தேய்த்து அழித்த தடம்

"ஜெயிச்ச ஆட்டத்தைக் கால்ல தேய்ச்சு அழிச்சுட்டு வந்திருக்கா, பாரு!"

பீர் கோப்பையை மேஜையில் ணங்கென்று வைத்தார் கெர்பன். எங்கள் டென்னிஸ் கிளப் கேண்டீன் முழுக்க அன்று இதே பேச்சுதான்.

வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவள் யோரின்டா. ஐசல் ஆற்றோரத்து எங்கள் சின்ன ஊரிலிருந்து கிளம்பி, பன்னிரண்டு வருடமாக உலகம் சுற்றி ஆடுகிறவள். வயது முப்பத்தொன்று. முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. நியூயார்க் போட்டியின் தகுதிச் சுற்றில் ஒரு தடவையாவது ஆடிவிட்டுத்தான் மட்டையைக் கீழே வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள். எங்கள் மைதானத்தில் அன்று நடந்த இறுதி ஆட்டத்தை வென்றிருந்தால் அதற்கு வேண்டிய புள்ளிகள் கிடைத்திருக்கும்.

வென்றும்விட்டாள் என்றுதான் நினைத்தோம். கடைசிப் புள்ளி. எதிரே ஆடிய பதினேழு வயது செக் நாட்டுப் பெண் அடித்த பந்து, யோரின்டாவைத் தாண்டிப் போய்ப் பக்கக் கோட்டோரம் விழுந்தது.

"அவுட்!" என்று கையை நீட்டினார் கோட்டு நடுவர் ஹார்மன். நாங்கள் எழுந்து நின்று கத்தினோம்.

அந்தப் பெண் ஒப்பவில்லை. தடத்தைப் பாருங்கள் என்றாள். செம்மண் மைதானத்தில் பந்து விழுந்த இடம் பதிந்திருக்கும். தலைமை நடுவர் தன் உயரமான நாற்காலியிலிருந்து ஒரு படி இறங்கினார். அதற்குள் யோரின்டா போய் ஷூவால் தடத்தைத் தேய்த்துவிட்டாள்.

தடத்தை அழித்தால் புள்ளியை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். அதன்பிறகு ஆட்டமும் கைநழுவிப் போனது.

"ரொம்ப நல்லவள்னு பேர் வாங்கணுமாம்!" என்றாள் வில்லமீன்.

எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தவர் ஹார்மன்தான். "முப்பது வருஷமா கோடு பாக்கறேன். நான் அவுட்னா அவுட். அத்தனை பேர் முன்னாடி என் கண்ணையே பொய்யாக்கிட்டா!"

அவர் கோபத்தில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. எட்டு வயதிலிருந்து யோரின்டாவை மழையென்றும் பாராமல் போட்டிக்குப் போட்டி தன் ஓட்டைக் காரில் கூட்டிப்போனவர் அவர்.

கதவு திறந்தது. ஈரத் தலையோடு யோரின்டா உள்ளே வந்தாள்.

யாரையும் பார்க்காமல் நேரே கவுன்ட்டருக்குப் பின்னால் வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். எங்கள் கிளப்பில் உறுப்பினர்கள்தான் முறைவைத்து பீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மேயருக்கே விலக்கு கிடையாது. அன்றைய முறை அவளுக்கும் எனக்கும்.

"வீட்டுக்குப் போடி. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"பட்டியல்ல என் பேர் இருக்கேக்கா."

வில்லமீன் சும்மா இருப்பாளா? "யோரின்டா, என் பீரையும் அந்த செக் பொண்ணுக்கே தூக்கிக் கொடுத்துடாதே!"

கேண்டீனே சிரித்தது. யோரின்டாவும் சிரித்தாள். "நுரையை மட்டும் கொடுக்கறேன். பீர் உங்களுக்கே."

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "வாயைத் திறந்து ஒரு காரணம் சொல்லேன். ஊரே உன்னை முட்டாள்ங்குது."

"சொல்லிட்டுப் போகட்டும்" என்று கோப்பைகளைக் கழுவினாள்.

கூட்டம் கலைந்தது. ஹார்மன் மட்டும் எழுந்து கவுன்ட்டருக்கு வந்தார். முகம் இன்னும் சிவந்திருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணினே? பன்னிரண்டு வருஷ உழைப்பு. நியூயார்க் போயிருப்பியே! உனக்காகத்தானே நான்…"

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

யோரின்டா அவர் முன் காபியை வைத்தாள். எங்கள் ஊரில் காபிக்கு ஒரு பிஸ்கட்தான் வழக்கம். அவள் இரண்டு வைத்தாள்.

"அடுத்த வாரம் ஜூனியர் போட்டி இருக்கு, மாமா. நீங்கதான் கோட்டு நடுவர். தலைமை நடுவர் இப்பதான் பேரை உறுதி பண்ணிட்டுப் போனார்."

"அதுக்கென்ன இப்போ?"

அவள் குனிந்தாள். அவருக்கும், பக்கத்தில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த எனக்கும் மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்த பந்து, மாமா. அந்தத் தடத்தைத் தலைமை நடுவர் பார்த்திருந்தா, கண்ணு தவறிடுச்சுன்னு நீங்க சொன்னாலும் யாருமே நம்பியிருக்க மாட்டாங்க. அதான், அவர் இறங்கி வர்றதுக்குள்ள அழிச்சேன்."