பெல் அடிக்காத வார்டு

"உள்ள ரெண்டு நிமிஷம் உட்கார முடியல. எப்பப் பார்த்தாலும் பெல்லு, பெல்லு..."

வாசலில் யாரோ ஓர் அம்மா போனில் புலம்பிக்கொண்டே கடந்து போனாள்.

"கேட்டியா?" என்றான் மகன், மனைவியிடம். "உள்ள போறதுக்கு முன்னாடியே ரிசல்ட் வந்தாச்சு."

அவன் பெரிய ஓட்டல் ஒன்றில் சூப்பர்வைசர். ஓர் அறைக்குள் தலையை நீட்டினால் போதும், அதன் தரம் என்னவென்று சொல்லிவிடுவான்.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. குரலும் வெறும் காற்றாகத்தான் வருகிறது. மறுபடி நடை பழகும்வரை, பயிற்சியும் பராமரிப்பும் தருகிற ஓர் இல்லத்தில் விடும்படி டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு இல்லங்களைப் பார்த்துவிட்டு, இன்றே ஒன்றில் சேர்த்துவிடுவதாகத் திட்டம்.

அப்பாவையும் அழைத்துக்கொண்டு முதல் இல்லத்துக்குள் போனார்கள். இடப்பக்கம் ஒரு பெல் அடித்து ஓய்வதற்குள் வலப்பக்கம் இன்னொன்று. நர்ஸ் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள்.

மகன் ஜன்னல் விளிம்பில் விரலால் கோடு இழுத்து, விரலைப் பார்த்தான். பிறகு கட்டில்களைப் பார்த்தான். ஒவ்வொரு விரிப்பிலும் பெல் சுவிட்சை ஊக்கு போட்டுக் குத்தி வைத்திருந்தார்கள்.

"இதென்ன சிஸ்டர், துணி காயப்போட்ட மாதிரி?"

"நழுவிக் கீழ விழுந்துடும் சார்." நர்ஸ் சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவிடம் குனிந்தாள். "உங்களுக்கு எந்தக் கைப்பா நல்ல கை?"

அப்பா மடியில் கிடந்த கைத்தடியை விட்டுவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப உங்க பெல் இந்தப் பக்கம்." காலிக் கட்டிலில் வலப்பக்கம் இருந்ததைக் கழற்றி இடப்பக்கம் குத்தினாள்.

மறுபடி பெல். "இதோ வந்துடறேன் சார்" என்று ஓடினாள்.

"ஒரு கேள்விக்கு முழுசா பதில் சொல்ல நேரமில்ல. ஆள் பத்தாத இடம். கிளம்பு."

"கூப்பிட்டா ஓடறாங்களே?" என்றாள் மருமகள்.

"இத்தனை பேர் கூப்பிடறாங்கன்னாலே கவனிப்பு சரியில்லைன்னு அர்த்தம். எங்க ஓட்டல்ல ஒரு கெஸ்ட் ரிசப்ஷனுக்கு போன் பண்ணாலே என் மார்க் போச்சு."

"மாமாவை ஒரு வார்த்தை கேளுங்க. இருக்கப்போறது அவர்."

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காலம் பூரா மணிச் சத்தத்துலயே குப்பை கொட்டினவர். இனியாவது அவர் காதுக்கு ரிடையர்மென்ட் கொடுப்போம்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாற்காலி வாசல் பக்கம் திரும்பிவிட்டது.

இரண்டாவது இல்லத்தில் தரை முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. எங்கோ மெல்லிய பூ வாசனை. வார்டில் எல்லோரும் கழுத்துவரை போர்த்தி, உறையில் போட்ட கடிதம் போலப் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும், சுவரில் உயரமாக, பெல் வயர் அழகாகச் சுருட்டிக் கொக்கியில் மாட்டப்பட்டிருந்தது.

"பாத்தியா? வயரைக்கூட எப்படி வச்சிருக்காங்க பாரு. இது வேலை தெரிஞ்ச கை."

மேனேஜர் அம்மா பூரித்துப்போனாள். "எங்க வார்டுல பெல் சத்தமே கேக்காது சார். கேக்கறதுக்கு முன்னாடியே செஞ்சிடணும், அதுதான் எங்க பாலிசி."

"இதைத்தான் மேடம் எங்க பசங்ககிட்ட நான் தலைபாடா அடிச்சுக்கறேன்."

முதல் கட்டில்காரர் உதட்டை நாவால் தடவிக்கொண்டு அப்பாவையே பார்த்தார். பிறகு கண்ணை மட்டும் தலைக்கு மேலே உருட்டினார்.

"எவ்வளவு நிம்மதியா படுத்திருக்கார் பாருங்கப்பா" என்றான் மகன்.

அப்பா மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். காற்றாக ஒரு சொல் வந்தது. அது அவன் காதுவரை வரவில்லை.

"பிடிச்சிருக்கில்ல? நீங்க இங்கயே இருங்க. நான் ஆபீஸ் ரூம்ல பேசி முடிச்சிட்டு வந்துடறேன்." பிறகு, "அப்பாவைப் பாத்துக்கோ" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஆபீஸ் அறையில் மேனேஜர் அம்மா சேர்க்கைப் படிவத்தை நகர்த்தினாள். அவன் பேனாவைத் திறந்தான்.

எங்கோ ஒரு பெல் அடித்தது.

மேனேஜர் அம்மா நிமிர்ந்தாள். "வாசல்ல யாருன்னு பாருப்பா."

டீக் கிளாஸும் கையுமாக உதவியாளர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "வாசல் இல்ல மேடம். இது என்ன பெல்லுன்னு தெரியலையே."

இரண்டாவது பெல் அடித்தது. அது ஓயுமுன் மூன்றாவது. உதவியாளர் சமையலறைப் பக்கம் ஓடி, பாதியில் நின்று, எதிர்ப்பக்கம் திரும்பி ஓடினார்.

மகன் பேனாவை மூடாமலே எழுந்து வார்டுக்கு விரைந்தான்.

முதல் கட்டில்காரர் பெல்லிலிருந்து கட்டை விரலை எடுக்கவே இல்லை.

மருமகள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அப்பா கைத்தடியின் வளைவால் கொக்கியிலிருந்து வயரை இழுத்து இறக்கினார். எந்தக் கை என்று கண்ணாலேயே கேட்டு, அந்தக் கைக்குள் பெல்லை வைத்து விரல்களை மூடினார். பிறகு கைத்தடியை நீட்டி அடுத்த கட்டிலைக் காட்டினார்.