பயமில்லையாம்

இடைவேளை விட்டதும் பளிங்குப் படிக்கட்டில் எல்லோரும் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

மொன்றியலின் அந்தப் பழைய ஒபேரா மாளிகைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பாட்டுக் கேட்க வருவதில்லை. வந்ததற்குச் சாட்சி சேர்க்க வருகிறார்கள்.

உருத்திரமூர்த்தி, கலியாணத்தன்றுகூடக் கட்டாத டையைக் கட்டிக்கொண்டு, மனைவி இந்திராதேவியை ஒரு வெல்வெற் வாங்கில் இருத்தினார்.

வீடிருக்கும் லாசாலிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் இந்த மாளிகையைக் காட்டி, "இதுக்குள்ளை என்னதான் செய்வினம்?" என்று கேட்பாள். "பெரிய ஆக்கள் கத்துவினம்" என்று வருடக்கணக்காகத் தட்டிக்கழித்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை இந்திராதேவியைச் சோதித்த டொக்டர் பிரெஞ்சில் நெடுநேரம் சொன்னதை, பிரெஞ்சு தெரியாத அவளுக்கு ஒரே சொல்லில் மொழிபெயர்த்திருந்தார்.

"பயமில்லையாம்."

இன்று ஒரு பகலாவது அந்தச் சொல்லை நம்பிச் சிரித்துக்கொண்டு இருக்கட்டும். நாளைக்குச் சொல்லலாம்.

உண்மை தெரிந்த இன்னொருவர், தமிழ்ச் சங்கத் தலைவர் அருமைநாதன். நல்லூர் முருகன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உருத்திரமூர்த்தி அவரிடம் அழுதிருந்தார்.

அந்த அருமைநாதனே இப்போது கறுப்புக் கோட்டும் கையில் வைன் கிளாஸுமாக எதிரே வந்தார். முதல் அங்கம் முழுவதும் அவர் விட்ட குறட்டை மேல்மாடிவரை கேட்டிருந்தது.

"இத்தாலியன் விளங்கினாத்தான் தங்கச்சி, இதின்ரை ருசி தெரியும்."

"உங்களுக்கு விளங்குதோ அண்ணை?"

"விளங்காமல்? அந்தப் பாடுற பெட்டை இருக்கிறாளெல்லே, கடைசியிலை அவளுக்குச் சயரோக வருத்தம் முத்தி..."

நிறுத்தினார். மிச்சத்தை வைனோடு விழுங்கினார். கண் கலங்கியது. தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

யார் வீட்டு வாசலிலும் 'போட்டு வாறன்' என்று விடைபெற்று முடிக்கவே அரைமணி எடுக்கிற மனிதர்.

எங்கள் ஆட்கள் 'போட்டு வாறன்' சொல்லாமல் எழும்பிப் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். செத்தவீடு.

அருமைநாதன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இந்திராதேவி அவர் போன படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. சனம் உள்ளே நகர்ந்தது.

"இஞ்சாருங்கோ, இன்னும் எவ்வளவு நேரம் இருக்காம்?"

உருத்திரமூர்த்திக்கு உயிர் வந்தது.

"இன்னும் ரெண்டு அங்கம் கிடக்கு. பொழுதுபட முதல் முடிஞ்சிடும்," என்றார் உற்சாகமாக.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"நான் கூத்தின்ரை நேரத்தைக் கேக்கேல்லை."