மூக்கில் கதவு வைத்த வண்டி

வண்டிக்கு இருப்பது ஒரே கதவு. அதுவும் மூக்கில்.

அந்த மூக்கைக் கொட்டகையின் பின்சுவரில் முட்ட நிறுத்திவிட்டு, முழங்கால் தாடையில் இடிக்க உள்ளே உட்கார்ந்திருந்தார் சிரில்.

"கதவத் திறக்க முடியல, மிஸ்டர் பாஸ்க்," என்றார் ஜன்னல் இடுக்கு வழியாக. "வயசாயிடுச்சு பாருங்க. கொஞ்சம் கிட்ட கொண்டுவந்துட்டேன்."

வண்டியை எடுத்துப்போக வந்திருந்த பாஸ்க் கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் குட்டிக் கார்க்காரர்கள் எல்லோரும் வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான். பின்னால் எடுக்கலாம் என்றால் ரிவர்ஸ் கியர் கிடையாது. ரிவர்ஸ் இல்லாத மூன்று சக்கர வண்டியை மோட்டார் சைக்கிள் லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்பது அந்தக் காலத்துச் சட்டம். கார் லைசென்ஸ் கேட்டுப் போனபோதெல்லாம் ஃபெயிலான சிரில், அதனால்தான் இதை வாங்கினார்.

வண்டிக்குப் பிப்பின் என்று பெயர். உலகத்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

பாஸ்கின் அருங்காட்சியகத்தில் வட்ட மேடையும் கண்ணாடிக் கூண்டும் தயாராக இருந்தன. சனிக்கிழமை திறப்பு விழா. கிறிஸ்துமஸ் விருந்தில் சிரிலின் மகன் பேசிப் பேசி, கிழவரும் கிழவியும் 'சரி, எடுத்துக்கொள்ளட்டும்' என்று தலையாட்டியிருந்தார்கள். லாரியோடு நார்ஃபோக் வரைக்கும் வந்தாகிவிட்டது.

கொட்டகை வாசலில், வண்டியின் பின்புறத்தோடு முதுகை ஒட்டி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ஈனிட். சிரிலின் மனைவி. மடியில் டீ பிளாஸ்க்.

"விடிஞ்சதுல இருந்து உள்ளதான் இருக்கு இந்த மனுஷன்," என்றார். "கல்யாணமான புதுசுலயும் இதே கூத்து. தேனிலவுக்குப் போன எடத்துல, ஹோட்டல் சுவத்துல கொண்டுபோய் முட்டினாரு. ராத்திரி பூரா ரெண்டு பேரும் உள்ளயே."

"நல்லாத்தானே இருந்துச்சு," என்றது வண்டி.

லாரி டிரைவர் டெரி கையைத் தேய்த்துக்கொண்டான். "மேல துணிக்கூரைதானே தலைவரே? கிழிச்சு ஆளத் தூக்கிரலாம்."

"ஃபேக்டரியில தச்ச துணி அது!" பாஸ்க் அலறினார்.

"ஜன்னலக் கழட்டவா?"

"தொட்டா நொறுங்கிடும்."

"கயித்தக் கட்டி இழுப்போம்."

"எதுல கட்டுவ? இதோட வரைபடம் எனக்கு மனப்பாடம்யா. பின்பக்கம் கோழிமுட்ட மாதிரி வழவழன்னு இருக்கும். புடிக்க ஒரு எடம் கிடையாது. வண்டி உடம்ப அழுத்திப் புடிச்சா விரிசல் விட்டுடும்."

"அப்ப சுவத்த இடிச்சிரலாம்," என்றான் டெரி வெறுத்துப்போய்.

பாஸ்க் ஒரு கணம் சுவரை நிஜமாகவே அளவெடுத்துப் பார்த்தார்.

"நீங்கதானே போன்ல சொன்னீங்க, தூசியக்கூடத் தட்டக்கூடாதுன்னு," என்றார் ஈனிட். "ஃபேக்டரியில இருந்து வந்த மாதிரியே இருக்கணும், ஒரு ஸ்க்ரூ மாறியிருந்தாலும் வேணாம்னு. அதுக்குப் பயந்து இவரு உள்ள மூக்கக்கூடச் சிந்தல."

"என்னையும் சேத்தே கூண்டுல வெச்சுக்குங்களேன்," என்றார் சிரில். "நானும் ஒரிஜினல்தான்."

"பொய். இடுப்பெலும்பு மாத்தினது, பல்லு மாத்தினது."

தூறல் போட்டது. பாஸ்க் தொண்டையைச் செருமினார். "நீங்க கொஞ்சம் எழுந்திரிச்சீங்கன்னா, பின்பக்கம் ஒரு பார்வை..."

"மூட்டு வலி, கண்ணு. ஒரு தடவ உக்காந்தா எழுந்திரிக்க மத்தியானம் ஆயிடும்."

சொல்லிவிட்டு, எழுந்திருக்காமலே கையைப் பின்னால் நீட்டி, ஜன்னல் வழியாகப் புருஷனுக்கு மார்மலேட் தடவிய ரொட்டியைக் கொடுத்தார். அவ்வளவு சின்ன வண்டி.

ரொட்டியை மென்றபடி சிரில் கேட்டார். "அங்க இது ஓடுமா, மிஸ்டர் பாஸ்க்?"

"ஓடாது. பெட்ரோல் எல்லாத்தையும் வடிச்சிடுவோம். அப்பத்தான் கெடாம இருக்கும்."

வண்டிக்குள் மெல்லுகிற சத்தம் நின்றது.

"ஞாயித்துக்கிழமையானா இதுலதான் கடலப் பாக்கப் போவோம்," என்றார் ஈனிட், யாரையும் பார்க்காமல்.

பாஸ்க் காலி லாரியைத் திரும்பிப் பார்த்தார். சனிக்கிழமை வெறும் மேடைமேல் விளக்குப் போட்டு என்னத்தைத் திறப்பது? அடுத்த வாரம் விவரம் தெரிந்த ஆட்களோடு வருவதாகச் சொல்லிவிட்டு, நனைந்த கோட்டோடு லாரியில் ஏறினார்.

சந்து வளைவதற்குச் சற்று முன்னால், பக்கக் கண்ணாடியில் ஏதோ அசைந்தது.

ஈனிட் துள்ளி எழுந்தார். நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார்.

இவ்வளவு நேரம் அவர் முதுகு மறைத்திருந்த அந்த முட்டையின் நட்ட நடுவில், இரண்டு தடித்த ஸ்க்ரூ போட்டு முடுக்கிய பித்தளைக் கைப்பிடி ஒன்று பளபளத்தது. ஹோட்டல் அறைகளில் மேசை டிராயருக்கு வைப்பார்களே, அந்த மாதிரி.

ஈனிட் அதை ஒற்றைக் கையால் பிடித்தார். டிராயரைத் திறப்பதுபோல, புருஷனோடு சேர்த்து வண்டியை வெளியே இழுத்தார்.

மூக்கு திறந்தது. சிரில் இறங்கி, முதுகை நிமிர்த்தி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈனிட் முதலில் ஏறினார்.

டெரி சடாரென்று பிரேக் போட்டான். "பாத்தீங்களா தலைவரே! நம்மள முட்டாளாக்கிட்டாங்க! வண்டியத் திருப்பவா?"

பாஸ்க் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பித்தளை. தூறலிலும் மின்னியது.

"வேணாம், நீ ஓட்டு," என்றார். "அது ஒரிஜினல் இல்ல."