பேர் சொல்லும் பாக்டீரியா

சேறு எடுக்கப் பாட்டிலோடு வந்த கல்லூரி ஆராய்ச்சியாளர் நித்திலாவையும் கூட வந்தவரையும் திருப்பூர் சாயப்பட்டறை முதலாளி செங்கோட்டுவேல் குட்டையருகே மறித்தார்.

"இதுல ஒரு சொட்டுச் சாயத்தண்ணி நாங்க விட்டதில்லீங்க, அம்மிணி!"

நித்திலாவின் முகம் வாடியது. "அடடா! சாயத்தைத் தின்னு தண்ணியத் தெளிய வெக்கற பாக்டீரியா, வருசக்கணக்கா சாயக்கழிவு தேங்குன சேத்துலதானுங்க கெடைக்கும். கெடைச்சா எடத்துக்காரர் பேரையே அதுக்கு வெப்போம். சரி, பக்கத்துப் பட்டறையில பாக்கறோம்."

"அவம் பேரா? நில்லுங்க! அவன் நேத்து வந்தவன். எங்கப்பா காலத்துல இருந்து, மழை வந்தா நாங்க சாயத்தண்ணிய இதுலதான் தொறந்து விடறோம். எம்பேர எழுதுங்க!"

கூட வந்தவர் எழுதிக்கொண்டார்.

"தம்பியும் காலேஜுங்களா?"

"இல்லீங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்."